குவைத்துக்கு ஐந்து மணித்தியாலம்

ராத்தா,

போன கிழமை கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். முன் கதிரையில் இருந்த பெண் ஒரு சின்னப் பையைக் கிழித்து, ஈரத் தாள் ஒன்றை விரித்துத் தன் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். ஓடிக்கொலோன் வாசம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனம்பிட்டிப் பாலம் போனதும் தெரியவில்லை, வெலிக்கந்தை போனதும் தெரியவில்லை. நீங்கள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி, விமானப் பணிப்பெண் தந்த அதே மாதிரியான ஈரத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்:

“புள்ள, இத மூஞ்சில தேச்சா நோம்பு முறியுமா?”

“எனக்குத் தெரியா ராத்தா. நான் வேதக்காரி.”

“வேதக்காரிக்கு நோம்பு இல்லயா?”

“இரிக்கு. ஆனா நாங்க தண்ணி குடிப்பம்.”

“அப்ப அது என்ன நோம்பு!” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். அந்த வாசம் குவைத் வரைக்கும் நம்மோடு வந்தது.

அது இந்தியன் ஆமி நம்முடைய பக்கத்தில் நின்ற காலம். தன்னாமுனையில் நான் ஏறி வந்த பஸ்ஸில், அடுத்த கொஞ்ச நேரத்தில் ஏறாவூரில் நீங்கள் ஏறினீர்கள். உங்களோடு உங்கள் தம்பி அன்சார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் மூன்று நான்கு மைல்தான். உங்கள் சந்தையில் சேலை வாங்கியிருக்கிறேன். நீங்களும் எங்கள் தேவாலயத் திருநாளுக்கு வந்து கச்சான் வாங்கித் தின்றிருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு வரைக்கும் உங்களை நான் கண்டதில்லை. என் மடியில் இருந்த ஏஜென்சி உறையைப் பார்த்துவிட்டு அன்சார்தான் கேட்டார், “தங்கச்சி, நீங்களும் வெளிநாட்டுக்கா?” என்று. ஒரே ஏஜென்சி, ஒரே விமானம், குவைத்திலும் ஒரே ஊர். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் தான் பிடித்துவைத்திருந்த சன்னல் இடத்தை எழுந்து எனக்குத் தந்தார்.

ஓட்டமாவடிப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பிறகும் எத்தனையோ இடத்தில் இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் மூட்டையை அவிழ்த்துக் கட்டுவதே அன்சாருக்கு வேலையாக இருந்தது. அவர் கைத்தறி நெய்கிறவர். முடிச்சுப் போடுவதில் கைதேர்ந்தவர். ஆனாலும் அந்த மூட்டை அவருக்கு அடங்கவில்லை.

“விடிய வெளிக்கிட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேரப் பொழுது படுது,” என்றார். “கொழும்பில இரிந்து குவைத்துக்கு அஞ்சே அஞ்சு மணித்தியாலமாம். பேசாம குவைத்தக் கொண்டுவந்து வாழைச்சேனையில வெச்சிருக்கலாம் ராத்தா.”

நீங்கள் சிரிக்கவில்லை. வீட்டில் விட்டுவந்த மகளை நினைத்துக்கொண்டு, பஸ் போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பௌசியாவுக்கு அப்போது நடக்கப் பழகிய வயது.

அடுத்த நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில், பயணிகளைத் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாத வாசலில், அன்சார் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, ராத்தாவக் கொஞ்சம் பாத்துக்குங்க. வாய்தான் பெரிசு. தனியப் போய்ப் பழக்கமில்ல,” என்றார். என்னை விடவும் பத்து வயது மூத்த ஒரு பெண்ணை நான் பார்த்துக்கொள்ளவேண்டும்! நானும் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கும் அதுதான் முதல் பயணம்.

பயணத்தில் நோன்பை விடலாம் என்று அவர் உங்களுக்கு எவ்வளவோ சொன்னார். “அஞ்சு மணித்தியாலம் கதிரைல சும்மா இரிக்கிறதுக்கு எதுக்கு நோம்ப விட?” என்று கேட்டுவிட்டு நடந்தீர்கள். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

விமானம் பின்னேரம் கிளம்பியது. விமானி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் பிடித்தது இவ்வளவுதான்: இரண்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேலே தூரம், ஐந்து மணித்தியாலம், வானம் தெளிவு. நீங்கள் என் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஆறு மணி தாண்டியது. “நம்மட ஊரில இப்ப பாங்கு சொல்லியிருப்பாங்க,” என்றீர்கள். ஆனால் சன்னலில் வெயில் அப்படியே நின்றது. சாப்பாட்டுத் தட்டு வந்தது, கோழிக் கறி மணத்தது, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். வெயில் இறங்கவில்லை.

நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, நோன்பு எப்போது திறக்கலாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, நீங்கள் இருக்கும் இடத்தில் சூரியன் எப்போது மறைகிறதோ அப்போதுதான் என்றார்.

“நாம இரிக்கிற இடம் எது?” என்று கேட்டீர்கள்.

நான் குனிந்து பார்த்தேன். “கடல் ராத்தா.”

“கடலுக்கு எந்த ஊர் நேரம்?”

நாம் போகிற திசைக்கே சூரியனும் போகிறது, அதனால்தான் பொழுது நீள்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “நாம தொரத்துறம், அவன் ஓடுறான்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நானும் தட்டைத் தொடவில்லை. “நீ தின்னு புள்ள, உனக்கென்ன?” என்று அதட்டினீர்கள். பசிக்கவில்லை என்று பொய் சொன்னேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் இருந்து கோழிக் கால் கடிக்க எனக்கு மனம் வரவில்லை.

விமானம் தாழத் தொடங்கியபோதுதான் சூரியன் மணலுக்குள் இறங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தீர்கள். ஈரத் தாளோடு கிடந்ததால் அதிலும் ஓடிக்கொலோன் வாசம். பாதியைக் கடித்துவிட்டு மீதிப் பாதியை எனக்குத் தந்தீர்கள். நாம் இரண்டு பேரும் குவைத்தில் இறங்கியது அந்த ருசியோடுதான்.

வீட்டு வேலைக்கு நமக்குக் கிடைத்த வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. உடுப்புக் காயப்போட மேல் தட்டுக்கு ஏறினால் ஒருவரை ஒருவர் காணலாம். அங்கே நாம் கதைத்ததெல்லாம் உடுப்பு உதறுகிற நேரத்துக்குள் அடங்கிய கதைகள். உங்கள் வீட்டுக்காரம்மா நல்லவர். என் வீட்டில் ஐந்து பிள்ளைகள், என்னைக் கூப்பிடும் பெயரே எனக்கு விளங்கியதில்லை. ஊரிலிருந்து அன்சார் கசெற்றில் பேசி அனுப்புவார். அதில் பௌசியா பேசாமல் மூச்சு மட்டும் விட்டிருப்பாள். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே நீங்கள் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டதாகச் சொன்னீர்கள்.

அந்த வருசம் முடிந்து அடுத்த வருசத்து ஆவணியில் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் வந்தது. அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் நம்முடைய ஊரிலும் திரும்பச் சண்டை தொடங்கியிருந்தது. ஊரில் இருந்து எந்தச் சேதியும் இல்லை. நீங்கள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார்கள். நான் வேலை செய்த வீட்டுக்காரர்கள் காரில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சவூதி எல்லைக்கு ஓடினார்கள். எனக்குக் காரில் இடமில்லை. பின் மதிலில் ஏறி உங்கள் வீட்டுக்குள் குதித்தேன். நீங்கள் இறைச்சி வெட்டும் கத்தியோடு கதவடியில் நின்றீர்கள். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, “மெதுவாக் குதிக்கத் தெரியாதா? உசிர் போயிட்டு,” என்று ஏசினீர்கள். அந்த ஏச்சைப் போல ஆறுதலான ஒரு சொல்லை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

சில கிழமை அந்த வீட்டிலேயே ஒளிந்திருந்தோம். அரிசி முடிந்தது. பிறகு நம் நாட்டுப் பெண்கள் கொஞ்சப் பேரோடு சேர்ந்து பஸ் பிடித்து, ஈராக்குக்குள்ளால் ஜோர்தான் எல்லைக்குப் போனோம். ஐந்து மணித்தியாலத்தில் வந்து இறங்கிய இடத்திலிருந்து திரும்ப எத்தனை நாள், எத்தனை பஸ், எத்தனை சோதனை! ஒவ்வொரு சோதனையிலும் உங்கள் மூட்டையை நான்தான் அவிழ்த்துக் கட்டினேன். அன்சார் அளவுக்கு எனக்கு வரவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

எல்லையில் கூடாரங்கள். புழுதி. தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் நீங்கள் வாளியோடு ஓடுவீர்கள், நான் கூடாரத்தில் நம்முடைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு பெண் அம்மான் நகரத்துக்குப் போய், கொழும்பில் இருந்த கூடப்பிறந்த நானாவோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தாள். வந்ததும் நேரே நம் கூடாரத்துக்கு வந்து உங்கள் முன்னால் குந்தினாள். அவள் வாயைத் திறக்க முன்னமே நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

ஏறாவூருக்குள் துவக்கோடு வந்தவர்கள் வீடு வீடாகப் புகுந்து சுட்டதை அவள் சொன்னாள். உங்கள் உம்மாவும் பௌசியாவும் தப்பிவிட்டார்கள் என்றாள். அன்சார் தப்பவில்லை என்றாள். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு உங்களைப் பார்த்து, “இவளோடயா படுத்தெழும்புறீங்க?” என்று கேட்டாள்.

நீங்கள் அழவில்லை. “தறி நெய்யிறவன்,” என்றீர்கள். “அவன் ஆருக்கு என்ன செஞ்ச?” யாரிடம் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு அவர்களுடைய கூடாரத்துக்குப் போய்விட்டீர்கள்.

நான் பின்னால் வரவில்லை ராத்தா. வந்து என்ன சொல்வது? துவக்குப் பிடித்தவனை எனக்குத் தெரியாது. ஆனால் அவனும் தமிழ் ஆள், நானும் தமிழ் ஆள், அவனும் நானும் ஒரே ஊர்ப் பக்கம். அந்தப் பெண் பார்த்த பார்வைக்கு அது போதும். அன்சார் சன்னல் இடத்தை எனக்கு எழுந்து தந்ததை நினைத்தபடி கூடாரத்தில் தனியே கிடந்தேன். தண்ணீர் எடுக்க வரிசையில் போய் நிற்கவும் மனமில்லை. ஆனால் காலையில் எழும்பினால் என் வாளி நிரம்பி இருக்கும். யார் நிரப்பியது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஊருக்கு அனுப்ப விமானம் வந்தது. இருக்கை இலக்கம் ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்ததும் பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் பின்பக்கத்தில் ஒரு சன்னலோரம் இருந்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. என் பெட்டியை அதில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் நடைபாதையில் வந்து நின்றீர்கள். முன்னாலிருந்து ஓட்டமாவடிப் பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். “ராத்தா, இங்க வாங்க, இடம் பிடிச்சி வெச்சிரிக்கன்.” நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்து இருக்கைப் பட்டியை இழுத்துக் கட்டினீர்கள்.

போகும்போது ஐந்து மணித்தியாலம். திரும்பும்போது பணிப்பெண் ஏழு எட்டு ஆகும் என்றார். ஈராக்கைச் சுற்றிப் பறக்கவேண்டுமாம். தட்டு வந்தபோது என்னுடைய பட்டர்ப் பொதியையும் நீங்களே பிரித்துத் தந்தீர்கள். முதல் பயணத்தில் நாம் இரண்டு பேரும் தொடாமல் விட்ட தட்டு அது. இந்த முறை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தோம். பொழுது சட்டென்று சாய்ந்தது. கீழே தென்னந்தோப்புகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள், சிலர் அழுதார்கள். அப்போதுதான் வாய் திறந்து கேட்டீர்கள்.

“எயாப்போட்டில அவன் உன்னக் கூப்பிட்டு என்னவோ சொன்னானே. என்ன சொன்னான்?”

“ராத்தாவப் பாத்துக்குங்க எண்டு சொன்னவர்.”

“வேற?”

“வாய்தான் பெரிசு, தனியப் போய்ப் பழக்கமில்ல எண்டவர்.”

உங்கள் தோள் குலுங்கியது. சிரிக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சேதி வந்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதீர்கள். சக்கரம் தரையில் முட்டி விமானம் ஓடும்போது என் கையைப் பிடித்தீர்கள். “நீ பாத்துக்கிட்டாய்தானே புள்ள. அவன் சொன்னபடி பாத்துக்கிட்டாய்தானே,” என்றீர்கள்.

கட்டுநாயக்காவில் நம்மைப் பிரித்துவிட்டார்கள். மட்டக்களப்புப் பாதை மூடிக் கிடந்தது. உங்களைக் கூட்டிப்போகக் கொழும்பு மருதானையில் இருந்து உறவினர் வந்தார்கள். என்னைக் கன்னியாஸ்திரிகள் ஒரு மடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் நின்று, “ஊருக்கு வந்தா வீட்ட வா எண்டு சொல்ல ஏலா புள்ள,” என்றீர்கள். தெரியும் ராத்தா என்றேன். நாம் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. சுற்றியும் ஆட்கள் நின்றார்கள்.

ஊருக்குப் போய்ச் சேர எனக்கு மாதக் கணக்கானது. போன பிறகுதான் என் வீட்டுச் சேதி தெரிந்தது. நாம் கூடாரத்தில் கிடந்த அதே நாட்களில், எங்கள் ஆட்கள் ஊரை விட்டோடி அகதி முகாமில் இருந்திருக்கிறார்கள். சீருடைக்காரர்கள் வந்து ஆண்களை வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகம் மூடிய, காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் தலையாட்டிய ஆட்களை எல்லாம் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். என் அண்ணன் அதில் ஒருவர். போனவர் போனவர்தான். அம்மா ஒவ்வொரு ஆமி முகாம் வாசலிலும் போய் நின்றார். அந்தத் தலையாட்டி உங்கள் ஊரவன் என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். சாக்குக்குள் இருந்தவனை யார் கண்டது? ஆனாலும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நம்முடைய ஊர்களுக்கு இடையில் இருந்த அந்த மூன்று நான்கு மைல், குவைத்தை விடவும் தூரமாகிவிட்டது. பாதை திறந்த பிறகும் தன்னாமுனைக்காரர் ஏறாவூரில் இறங்க மாட்டார்கள், ஏறாவூர்க்காரர் தன்னாமுனையில் இறங்க மாட்டார்கள். கொழும்பு பஸ் உங்கள் ஊருக்குள்ளால்தான் போகும். உங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையை நீங்கள் சொல்லி அறிவேன். பஸ் அந்த இடத்தைக் கடக்கும் நேரம், ஒரு கண்வெட்டு நேரம், ஒரு பச்சைக் கேற் தெரியும். நான் தலையைக் கூடத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்ப்பேன். பஸ்ஸில் ஊர்ச் சனம் இருக்கும்.

சில வருசம் கழித்து மருதானை ஏஜென்சியில் உங்களைக் கண்டேன். வேறு வழி இல்லாமல் நான் திரும்பக் குவைத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணன் இல்லாத வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. நீங்கள் மெலிந்து போயிருந்தீர்கள். நீரிழிவு என்றீர்கள். உங்களுக்கு அடுத்த நாள் பயணம், எனக்கு அடுத்த கிழமை. நீங்கள் நேரே ஏஜென்சிக்காரரிடம் போய், “எனக்குக் காய்ச்சல். நாளைக்கு ஏலா. இந்தப் புள்ள போற பிளேன்ல போடுங்க,” என்றீர்கள். அவர் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவா முடியும்?

“எதுக்கு ராத்தா?” என்றேன்.

“ஊரில உன்னோட கதைக்க ஏலா. குவைத்தில எந்த வீடு கிடைக்குமோ தெரியா. அந்த அஞ்சு மணித்தியாலமாவது இரிக்கட்டும்.”

அதே பாதை. அதே கடல். முதலில் நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். பிறகு, “எங்கட ஆக்கள்தான் காட்டிக்கொடுத்த எண்டு சொல்றாங்களா?” என்று கேட்டீர்கள்.

“சொல்றாங்க.”

“நீ என்ன நினைக்கிற?”

“எனக்குத் தெரியா ராத்தா. முகத்தக் கண்ட ஆள் இல்ல.”

“என்ட தம்பிய உங்கட ஆக்கள்தான். அதுக்கு முகத்தக் கண்ட ஆள் இரிக்கு.”

“ஓம்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் இந்தக் கதிரையில பக்கத்துல பக்கத்துல இரிக்கக் கூடா, என்ன?” என்றீர்கள். பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு தேத்தண்ணி கேட்டீர்கள். ஒன்றில் சீனி வேண்டாம் என்பதைக் கையால் காட்டினீர்கள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தபடி அன்சாரைப் பற்றிச் சொன்னீர்கள். சின்ன வயதில் அவர் தறிக்குள் ஒளித்துக்கொண்டதை, கலியாணம் பேசிய வீட்டில் வெட்கத்தில் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்ததை. நானும் அண்ணன் வாவியில் இறால் பிடிக்கப் போய் வள்ளத்தை விட்டுவிட்டு நீந்தி வந்ததைச் சொன்னேன். சிரித்தோம். இல்லாமல் போன இரண்டு ஆண்களையும் நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தது எப்படி என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. பௌசியாவைப் பற்றியும் நிறையச் சொன்னீர்கள். குவைத்தில் இறங்கும்போது, “கிட்டடியில வந்திட்டு,” என்று அலுத்துக்கொண்டீர்கள். வேறு யாரும் அந்தப் பயணம் சீக்கிரம் முடிந்துவிட்டதென்று அலுத்திருக்க மாட்டார்கள்.

அதுதான் கடைசி. அங்கே நம்முடைய வீடுகள் வேறு வேறு பக்கம். நான் ஒப்பந்தம் முடிந்து திரும்பினேன். நீங்கள் இன்னும் கொஞ்சக் காலம் நின்று அந்த நீரிழிவு வருத்தத்தோடு வந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், அபாயா போட்ட ஒரு இளம் பெண் எங்கள் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, குவைத்தில் இருந்த அக்காவின் வீடு எது என்று விசாரித்து வந்தாள். தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு, “சாச்சி,” என்று கூப்பிட்டாள். தாயின் தங்கையை நீங்கள் கூப்பிடும் முறை அது. முகத்தில் உங்கள் மூக்கு, அன்சாரின் பல்வரிசை.

“உம்மா மௌத்தாப் போயிட்டா சாச்சி,” என்றாள் பௌசியா. “நாளைக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறம். உங்களக் கூட்டி வரச் சொல்லி உம்மா சொல்லிட்டுத்தான் போன. உங்கட பேரச் சொல்லாம, குவைத் சாச்சி எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திரிக்கிறா.”

அடுத்த நாள் அவளே திரும்ப வந்து என்னைக் கூட்டிப்போனாள். பத்து நிமிசப் பஸ் பயணம் ராத்தா. உங்கள் வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு வயதான பெண் முக்காடு இல்லாத என் தலையைப் பார்த்து, “இது ஆரு?” என்று கேட்டார். “எங்கட சாச்சி,” என்றாள் உங்கள் மகள். சொல்லிவிட்டு என்னைத் தன் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டாள்.

அன்றிலிருந்து போய் வருகிறேன். நடுவில் திரும்பச் சண்டை வந்தது, சில மாதம் போக முடியாமல் இருந்தது, பிறகும் போனேன். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். போனால் அவள் கேட்பது ஒன்றைத்தான்: உம்மா என்ன கதைச்சவ? நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருந்த வருசங்கள்தான் அதிகம். அவளோடு இருந்த நாட்களில் பாதி வருத்தத்தில் படுக்கை. உங்கள் பேச்சு என்னிடம்தான் மிச்சம் இருக்கிறது. ஆகாயத்தில் என்னோடு கதைத்ததெல்லாம் அவளுக்கு உரியது என்று எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன மாதம் அவளே அதைத் தொட்டாள். “சாச்சி, குவைத்தில சண்டை வந்து உம்மா முதல் தரம் திரும்பி வந்த நேரம் நான் அவவக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால ஒளிச்சிட்டன். ‘இது ஆரு?’ எண்டு கேட்டனாம். அந்தக் கதவு மட்டும் எனக்கு ஞாபகம் இரிக்கு. உம்மா அத உங்களுக்குச் சொன்னவவா?”

“சொன்னவ,” என்றேன்.

“அழுதவவா?”

“ஓம்.”

அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அவ்வளவு காலமும் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“மறுகா? அதுக்குப் பிறகு?”

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை ராத்தா. நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னிடம் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் நீங்கள் படியில் தனியே இருந்தபோது, அவள் தன் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் உங்களுக்கு முதுகைக் காட்டி, உங்கள் முழங்காலுக்குள் வந்து குந்தினாள். நீங்கள் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டீர்கள்.